பழம் தின்று காடு வளர்க்கும் அக்காளும் தங்கையும்

ஓர் அத்தி மரம். அதன் அடியில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் மேலேயிருந்து "பொத், பொத்" என்று பழங்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. அண்ணாந்து பார்க்கிறீர்கள். இலை, இலை, இலை! வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்படியானால் பழத்தை உதிர்ப்பது யார்?

கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். அதோ, ஓர் இலைக்கொத்து மெல்ல நகருகிறது. அதற்குச் சிவந்த கண் இருக்கிறது! மஞ்சள் வயிறு இருக்கிறது! அது இலைக்கொத்து அல்ல, புறா!

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை ஓரமாக உள்ள மழைக்காடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். அங்கே பழத்தைத் தவிர வேறு எதையும் அநேகமாகத் தொடாத புறாக்கள் வாழ்கின்றன. பழப்புறாக்கள் என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றில் இருவரைப் பற்றியது இந்தக் கதை. ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள். உறவு நெருங்கிய உறவு. தொழிலும் ஒன்றே. ஆனால் உருவமும் பழக்கமும் வேறு வேறு. மனிதன் வெட்டி அழித்த ஒரு பெரிய காடு மறுபடி எப்படி எழும் என்பது, இந்த இருவரின் வயிற்றையும் பெரிதும் நம்பியிருக்கிறது.

நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் இரண்டு பொருள்களும் இந்தக் கதையில் வருகின்றன. ஒன்று உருத்திராட்சம். மற்றொன்று கற்பூரம். அவை இங்கே எப்படி வந்தன? பொறுங்கள், பார்ப்போம்.

பட்டு உடுத்திய பெரியவள்

பெரியவளின் பெயர் வோம்பூ. வேடிக்கையான பெயர்தான். அவள் கூவும் குரலே அவளுக்குப் பெயராகிவிட்டது. காட்டின் நடுவிலிருந்து "வோம்... பூ" என்று ஆழமாக ஒரு குரல் கேட்கும். பெரிய அண்டாவுக்குள் தலையைவிட்டுக் கூப்பிட்டதுபோல் இருக்கும். முதல் முறை கேட்பவர்கள், இது பறவையின் குரல்தானா என்று சந்தேகப்படுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் காடுகளில் உள்ள வோம்பூதான் அந்த இனத்தில் மிகப் பெரியது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 40 சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கும். அதாவது ஏறக்குறைய இரண்டு சாண். வடக்கே போகப் போக உருவம் சிறிதாகிக்கொண்டே போகும். கடல் தாண்டி நியூகினித் தீவிலும் இந்தப் பறவை உண்டு.

அவளுடைய அலங்காரத்தைப் பாருங்கள். தலை வெளிறிய சாம்பல் நிறம். முதுகும் இறக்கையும் பச்சை. இறக்கையின் குறுக்கே தங்கச் சரிகை போட்டாற்போல ஒரு மஞ்சள் பட்டை. கழுத்திலிருந்து மார்புவரை கத்தரிப்பூ நிறம். அதற்குக் கீழே வயிறு பளீரென்ற மஞ்சள். ஆணும் பெண்ணும் இதே உடைதான்; பார்த்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

இத்தனை வர்ணமும் இருந்தும் அவள் கண்ணில் படுவதில்லை. அதுதான் அதிசயம்! பச்சை இலை, மஞ்சள் வெயில், ஊதா நிழல் என்று காட்டின் கூரையில் என்னென்ன நிறம் உண்டோ, அத்தனையும் அவள் உடம்பில் இருக்கிறது. பழம் உதிரும் ஓசைதான் அவளைக் காட்டிக்கொடுக்கும்.

1821-ம் ஆண்டில் டெம்மிங்க் என்ற டச்சு விஞ்ஞானி இந்தப் பறவைக்கு லத்தீன் மொழியில் பெயர் வைத்தார். "மகத்தானது" என்பது அந்தப் பெயருக்குப் பொருள்.

கிரீடம் அணிந்த சின்னவள்

சின்னவளின் பெயர் ரோஜாமுடிப் புறா. 1825-ம் ஆண்டில் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பெயரிட்டார். "அரசி" என்பது அதற்குப் பொருள். பெரியவள் மகத்தானவள் என்றால் சின்னவள் மகாராணி! யாருக்கும் குறைவில்லை.

அரசி என்றால் கிரீடம் வேண்டாமா? இருக்கிறது. உச்சந்தலையில் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம். அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் விளிம்பு. கழுத்தும் மார்பும் நீலம் கலந்த சாம்பல். அதன்மேல் வெள்ளிப் பொடி தூவினாற்போல் புள்ளிகள். வயிறு ஆரஞ்சு. முதுகு பச்சை. வாலின் நுனி மஞ்சள். பெண் பறவைக்கு நிறம் சற்று மங்கல். குஞ்சுக்குக் கிரீடமே கிடையாது, உடம்பெல்லாம் பச்சைதான். வளர்ந்த பிறகுதான் பட்டாபிஷேகம்!

உருவம் மட்டும் சிறிது. நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். எடை சுமார் 100 கிராம். பெரியவளின் எடை இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும்.

குரலும் வேறு. "ஊ-ஹூ, ஊ-ஹூ" என்று நிதானமாகத் தொடங்குவாள். போகப் போக வேகம் கூடும். கடைசியில் "ஹூ-ஹூ-ஹூ-ஹூ" என்று படபடவென்று ஓடி மெல்லத் தேய்ந்து அடங்கிவிடும். இந்த இருவரையும் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்களே அதிகம்.

ஒரே ஒரு முட்டை

வீடு கட்டுவதில் அக்காளும் தங்கையும் ஒன்றுதான். இருவருமே சோம்பேறிகள் என்று சொல்லத் தோன்றும். பத்துப் பதினைந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாற்போல் இருக்கும். அவ்வளவுதான் கூடு! கீழேயிருந்து பார்த்தால் குச்சிகளின் இடுக்கில் முட்டை தெரியும். பெரியவள் சில சமயம் பனை இனத்து மரத்தின் மட்டைமேலும், ஓடைக்கு மேலே நீண்ட கிளையிலும் கூடு வைப்பாள்.

முட்டை ஒன்றே ஒன்று. வெள்ளை முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். சின்னவளுக்கு இரண்டரை வாரத்துக்கு மேல் ஆகும். பெரியவளுக்குச் சுமார் மூன்று வாரம். குஞ்சு வெளியே வந்ததும் இரண்டுமே அதற்குப் பால் ஊட்டும்! ஆம், புறாப்பால். தாய், தகப்பன் இரண்டின் தொண்டைப் பையிலும் ஊறும் கெட்டியான சத்து அது. எல்லாப் புறா இனத்துக்கும் இது உண்டு.

ஒரு தடவைக்கு ஒரே குஞ்சு என்றால், குடும்பம் மெதுவாகத்தான் பெருகும். காட்டில் ஆயிரம் பறவை குறைந்துவிட்டால், அந்த ஆயிரத்தை ஈடுகட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரைக்காத வயிறு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் பச்சைப்புறாவைப் பார்த்திருப்பீர்கள். ஆலம்பழமும் அரசம்பழமும் பழுக்கும் காலத்தில் கூட்டமாக வந்து இறங்கும். அதுவும் பச்சை, அதுவும் பழம் தின்னும். பார்வைக்கு ஆஸ்திரேலியப் பழப்புறாவுக்கு உறவுபோலவே இருக்கும். ஆனால் வயிற்றில் பெரிய வித்தியாசம். பச்சைப்புறாவின் இரைப்பை ஓர் அம்மிக்கல். தசை தடித்தது. உள்ளே சிறு கற்களும் கிடக்கும். பழத்தோடு உள்ளே போகும் விதையை அது அரைத்து மாவாக்கிவிடும். விதையின் கதை அங்கேயே முடிந்தது.

பழப்புறாவின் இரைப்பை அப்படி அல்ல. மெல்லிய சுவர். குடல் குட்டையானது, அகலமானது. பழத்தைக் கடிக்காமல் முழுதாக விழுங்கும். மேலே உள்ள சதையை மட்டும் வயிறு எடுத்துக்கொள்ளும். விதைக்கு ஒரு கீறல்கூட விழாது. சிறிது நேரத்தில் அது எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதற்குள் பறவை வேறு மரத்துக்குப் போயிருக்கும். வேறு காட்டுக்கேகூடப் போயிருக்கும்.

விழுந்த இடத்தில் விதை முளைக்கிறது. தாய்மரத்தின் நிழலிலேயே விழும் கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைப்பது அரிது. அங்கே பூச்சியும் நோயும் அதிகம். தூரத்தில் விழுந்தால் பிழைக்க வழி உண்டு. மரத்துக்குக் கால் இல்லை. பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப அதற்கு ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டிதான் பழப்புறா. வாடகை, பழத்தின் சதை!

நெல்லிக்காயும் சுண்டைக்காயும்

இருவரும் விதை சுமக்கிறார்கள். அப்படியானால் ஒருத்தி போதாதா? இரண்டு பேர் எதற்கு?

பழத்தை முழுதாக விழுங்க வேண்டும் என்றால் வாய் கொள்ள வேண்டும். சின்னவளின் வாய் சிறிது. சுண்டைக்காய் அளவுப் பழங்கள் என்றால் அவளுக்குச் சௌகரியம். அத்திப்பழத்தில் உள்ள மணல்போன்ற விதைகளையும், கொடிகளில் காய்க்கும் சிறு பழங்களின் விதைகளையும் எங்கும் கொண்டுபோய் இறைத்துவிடுவாள்.

பெரியவளின் வாய் விரியும். அந்தக் காட்டில் ஒரு மரம் இருக்கிறது. நெடுநெடுவென்று வளரும். அதன் பழம் சிறு நெல்லிக்காய் அளவு இருக்கும். நிறம் பளபளப்பான நீலம். நீலத் தோலை உரித்தால் மெல்லிய சதை. அதற்குள்ளே கல்போன்ற ஒரு கொட்டை. அந்தக் கொட்டையைக் கழுவிப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியம் உண்டாகும். மேலெல்லாம் மடிப்பும் சுருக்கமும்! உருத்திராட்சமேதான் என்பீர்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆஸ்திரேலியர்கள் "நீலக் குவாண்டாங்" என்று அழைக்கும் அந்த மரம், இமயமலைச் சாரலில் வளரும் உருத்திராட்ச மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே இனம்தான் என்று சொல்லும் தாவர விஞ்ஞானிகளும் உண்டு.

அந்த நீலப்பழத்தை வோம்பூ அப்படியே விழுங்கிவிடுவாள். சின்னவளால் அது முடியாது. பழுத்த பழத்தைக் கிளை நுனியில் கண்டால் போதும். பெரியவள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இறக்கையை அடித்துச் சமாளித்துக்கொண்டு அதைப் பறிப்பாள். அவ்வளவு பெரிய பறவை அப்படித் தொங்குவதைப் பார்த்தால் சர்க்கஸ்தான்!

பெரிய விதையுள்ள மரங்களுக்கு வண்டிகள் குறைவு. பெரிய வாயுள்ள பறவைகள் இன்னும் சில இருக்கின்றன. ஆனால் அதிகம் இல்லை. எனவே பெரியவள் ஒரு காட்டைவிட்டுப் போய்விட்டால், சிறு விதை மரங்கள் பெருகிக்கொண்டே இருக்கும். பெரிய விதை மரங்கள் மட்டும் பிள்ளையில்லாத வீடுபோல் நின்று, வயதாகி, ஒவ்வொன்றாக விழும்.

ஊர் சுற்றுபவள் யார்?

வேறொரு வித்தியாசமும் உண்டு. பெரியவள் வீட்டுப்பறவை. முதிர்ந்த பெருங்காட்டில்தான் அவளை அதிகமாகக் காணலாம். பழம் பழுக்கும் மரத்தைத் தேடி அக்கம்பக்கம் சுற்றுவாளே தவிர, நெடுந்தூரம் போவதில்லை.

சின்னவளுக்கோ கால் தரிக்காது. ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் மாதம் வசந்தம், டிசம்பர் கோடை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், வசந்தத்திலும் கோடையிலும் ரோஜாமுடிப் புறாக்கள் பெருகும். ஏப்ரல், மே மாதங்களில் குறைந்துவிடும். குளிர் வருமுன்னே பல பறவைகள் வடக்கே போய்விடுகின்றன. வழி தவறியவை சில, தெற்கே விக்டோரியா மாநிலம்வரை போய்ச் சேர்ந்ததும் உண்டு.

அக்காள் பக்கத்துத் தெருவுக்குப் பெரிய மூட்டை சுமக்கிறாள். தங்கை தூர ஊருக்குச் சிறு பொட்டலம் கொண்டுபோகிறாள். இருவரும் சேர்ந்தால்தான் காட்டின் குடித்தனம் நடக்கும்.

ஒரு காடு போன கதை

இவர்களுடைய வீடு என்ன ஆயிற்று?

சிட்னி நகருக்கு வடக்கே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், லிஸ்மோர், பாலினா, பைரன் பே என்று ஊர்கள் இருக்கின்றன. பண்டைக்கால எரிமலை கக்கிய குழம்பு உளுத்துச் செம்மண்ணாகிய வளமான பூமி. அங்கே ஒரு காலத்தில் 75,000 ஹெக்டேர் பரப்பில், அதாவது சுமார் 1,85,000 ஏக்கரில், ஒரே மழைக்காடாக இருந்தது. பண்ட்ஜலாங் என்ற பழங்குடி மக்களின் பூமி அது. வெள்ளைக்காரர்கள் அந்தக் காட்டுக்கு "பிக் ஸ்க்ரப்" என்று பெயர் வைத்தார்கள். பெரிய புதர் என்று அர்த்தம். வானத்தை முட்டும் மரங்களைப் பார்த்துப் புதர் என்றார்கள்!

1842-ம் ஆண்டில் மரவெட்டிகள் வந்தார்கள். அவர்கள் தேடி வந்தது சிவப்பு சீடார் மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதே மரம் உண்டு. சந்தன வேம்பு என்பார்கள். நல்ல மரமெல்லாம் போயிற்று. பிறகு 1861-ம் ஆண்டில் அரசாங்கம் ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்தது. நிலம் வேண்டும் என்பவர் அங்கே குடியிருக்க வேண்டும். நிலத்தைத் திருத்த வேண்டும். திருத்துவது என்றால் அன்றைக்கு ஒரே அர்த்தம்தான்: மரத்தை வெட்டுவது!

ஏழைக் குடியானவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. பிள்ளைகுட்டிகளுக்குச் சோறு வேண்டும். காட்டை வெட்டினார்கள், காய்ந்ததும் கொளுத்தினார்கள், புல் விதைத்தார்கள், மாடு கட்டினார்கள். பால் பெருகியது. வெண்ணெய் பெருகியது. 1900-ம் ஆண்டு பிறந்தபோது காடு அநேகமாக இல்லை. இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. சட்டையிலிருந்து கிழிந்த துணுக்குகள்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிறது.

புறாக்கள் என்ன செய்யும்? இறைச்சிக்காகச் சுட்டவர்கள் வேறு. சிட்னிக்குத் தெற்கே உள்ள இல்லவாரா பகுதியில் ஒரு காலத்தில் வோம்பூ இருந்தாள். இப்போது அங்கே அவள் குரல் கேட்பதில்லை. உலகம் முழுவதையும் கணக்கிட்டால் இரண்டு இனங்களுக்கும் உடனடி ஆபத்து இல்லை. வடக்கே குவீன்ஸ்லாந்துக் காடுகளில் இருக்கின்றன. ஆனால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அக்காளையும் தங்கையையும் ஆபத்துக்கு இலக்கான பறவைகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மலைமேல் மிஞ்சிய காடு போதாதா என்று கேட்கலாம். போதாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மலைக்காட்டில் பழம் குறைந்துவிடும். அந்த மாதங்களில் தாழ்நிலக் காடுதான் புறாக்களின் களஞ்சியம். வெட்டப்பட்டது அந்தக் களஞ்சியம்தான்.

கற்பூரம் வந்தது

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

1822-ம் ஆண்டில் சீன தேசத்துக் கற்பூர மரத்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய நாளில் இந்த மரத்தின் கட்டையைச் சிறு சிறு துண்டாக்கி, ஆவியில் வடித்துத்தான் கற்பூரம் எடுத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது. ஆஸ்திரேலியர்களுக்குக் கற்பூரம் வேண்டியிருக்கவில்லை, நிழல்தான் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்திலும் மாட்டுப் பண்ணையிலும் நட்டு வைத்தார்கள்.

காலம் மாறியது. பால் பண்ணைத் தொழில் நொடித்தது. மேய்ச்சல் நிலங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. கற்பூர மரத்தின் கறுத்த சிறு பழங்களைப் பறவைகள் தின்றன, நிலமெங்கும் விதைத்தன. சில பத்தாண்டுகளில் மலைச்சரிவுகளெல்லாம் கற்பூரக் காடு! உள்நாட்டு மரம் முளைக்க வேண்டிய இடத்தில் அந்நிய மரம் வந்து உட்கார்ந்துகொண்டது. களை என்று அரசாங்கமே அறிவித்தது.

ஆனால் புறாக்களைக் கேட்டால் வேறு பதில் சொல்லும். கற்பூரப் பழம் பழுப்பது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். களஞ்சியம் காலியாகக் கிடக்கும் அதே மாதங்கள்! பசித்த வயிற்றுக்குச் சோறு போட்டவர் உள்ளூரா, வெளியூரா என்று யார் பார்ப்பார்கள்? அக்காளும் தின்றாள், தங்கையும் தின்றாள்.

தின்றுவிட்டு என்ன செய்தார்கள்? கற்பூரக் கிளையில் உட்கார்ந்து, முந்தி எங்கோ மிஞ்சிய காட்டில் தின்ற பழத்தின் விதையை அங்கே போட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் கற்பூர மரத்தடியில் குனிந்து பார்த்தபோது அது தெரிந்தது. களை மரத்தின் நிழலில் பழைய காட்டு மரங்களின் கன்றுகள்! போன காடு, வந்த களையின் மடியிலேயே முளைத்துக்கொண்டிருந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. சிறு விதை மரங்களின் கன்றுகள்தான் அதிகம். பெரிய விதை மரங்களின் கன்றுகள் குறைவு. பெரிய மூட்டை சுமக்கும் வண்டிகள் அங்கே போதவில்லை.

வெட்டுவதா, விடுவதா?

இப்போது உழவரின் சங்கடத்தைப் பாருங்கள். கற்பூர மரம் களை, வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் குளிர்காலத்தில் புறாவுக்குப் பட்டினி. புறா வராவிட்டால் விதை வராது. விதை வராவிட்டால் காடு வராது. வெட்டாமல் விட்டாலோ, களை காட்டையே விழுங்கிவிடும்.

இதற்கு அந்தப் பகுதி மக்கள் ஒரு வழி கண்டார்கள். எல்லா மரத்தையும் ஒரே நாளில் சாய்ப்பதில்லை. ஒரு பகுதியில் உள்ள கற்பூர மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிமரத்தில் துளையிட்டுக் களைக்கொல்லி மருந்தைச் செலுத்துகிறார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகிறது. இலை உதிர்கிறது. கீழே காத்துக்கொண்டிருந்த கன்றுகளுக்கு வெயில் கிடைக்கிறது. அவை தலையெடுத்த பிறகு அடுத்த பகுதி. அதுவரை அங்கே உள்ள கற்பூர மரம் புறாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

தானே வராத பெரிய விதை மரங்களை மனிதர்களே கொண்டுவந்து நடுகிறார்கள். 1990-களில் தொடங்கி, உள்ளூர் நில உடைமையாளர்களும் தொண்டர்களும் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். காட்டை வெட்டிய குடும்பங்களின் பேரன் பேத்திகளும் அதே மண்ணில் கன்று நடுகிறார்கள். வோம்பூ செய்ய வேண்டிய வேலையை மனிதன் மண்வெட்டியோடு செய்கிறான்!

மிஞ்சியதைக் காப்பாற்றவும் போராட வேண்டியிருந்தது. 1979-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டெரானியா ஓடைப் பள்ளத்தாக்கில் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். ஊர் மக்கள் புல்டோசர்களின் முன்னால் படுத்து மறித்தார்கள். வாரக்கணக்கில் போராட்டம் நடந்தது. வெட்டு நின்றது. 1983-ம் ஆண்டில் அந்தப் பகுதி நைட்கேப் தேசியப் பூங்காவாகியது. 1986-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சொத்துக்களில் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டது.

அதோடு கவலை தீர்ந்துவிடவில்லை. 2019-ம் ஆண்டு நவம்பரில், கடும் வறட்சியின்போது, அந்தப் பூங்காவின் சில பகுதிகளில் காட்டுத்தீ புகுந்தது. ஈரம் சொட்டும் மழைக்காடு எரியாது என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். எரிந்த இடத்தில் மறுபடி மரம் வர வேண்டும் என்றால் எங்கிருந்தாவது விதை வர வேண்டும். யார் கொண்டுவருவது?

இருவரும் வேண்டும்

அக்காள் அழகா, தங்கை அழகா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். யார் உயர்ந்தவள் என்று கேட்டால் அந்தக் கேள்வியே தவறு. சின்னவள் இல்லாவிட்டால் தூரத்துத் துண்டுக் காட்டுக்கு விதை போவது குறைந்துவிடும். பெரியவள் இல்லாவிட்டால் நீலப்பழ மரத்துக்கு வாரிசு அரிதாகிவிடும். ஒருத்தியின் வேலையை இன்னொருத்தி செய்ய இயலாது. ஒரே இனத்தில் எதற்கு இத்தனை வகை என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு புறாக்களே பதில்.

நம் வீட்டுச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்தால் அதற்கும் ஏதோ ஒரு பறவைதான் காரணம். நாம் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். லிஸ்மோர்ப் பக்கத்து உழவர் அப்படிச் செய்வதில்லை. கற்பூர மரத்தடியில் புதிதாக ஒரு கன்றைக் கண்டால் குனிந்து பார்க்கிறார். சிறு விதைக் கன்று என்றால் சந்தோஷம். தான் நடாத இடத்தில் நீலப்பழ மரத்தின் கன்று முளைத்திருந்தால், நிமிர்ந்து மேலே பார்க்கிறார்.

காற்று இல்லை. இலை அசையவில்லை. எங்கேயோ "பொத்" என்று ஒரு பழம் விழுகிறது. பெரியவள் வந்திருக்கிறாள்!